மருமகன் வந்த வீடு – 14: அந்தூரியம் குடித்த தேத்தண்ணி

சீனி டின்னுக்கு அடியில் கிடந்த அந்தத் திறப்பு ஆறு நாளாக றலியாவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

போன திங்கட்கிழமை, துவைக்கப் போட்ட சாம்பல் நிறக் காற்சட்டையை உதறியபோது பையிலிருந்து விழுந்தது அது. புத்தம் புதுத் திறப்பு. முன்கதவு, பின்கதவு, அலுமாரி, மாடிக்குப் போகும் கதவு என்று வீட்டிலிருந்த எல்லாப் பூட்டிலும் நுழைத்துப் பார்த்துவிட்டாள். ஒன்றுக்கும் சேரவில்லை.

சாம்பல் நிறக் காற்சட்டை மருமகன் முஸ்அபுடையது. பெருநாளுக்கு மாமனார் தன் புடவைக்கடையிலிருந்து துணி எடுத்துத் தைப்பித்துக் கொடுத்தது. இந்த வீட்டுப் பூட்டு எதற்கும் சேராத திறப்பு மருமகனின் பையில் இருந்தால் வேறொரு வீடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கண்டி டவுனில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். மகள் ஆஸிகாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான். றலியா அப்படித்தான் முடிவு கட்டினாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். றலியா அரண்டு போயிருந்ததற்குக் காரணம் இருந்தது. மூத்தவள் ரிஸ்னாவும் கலியாணம் முடித்து முதல் வருஷம் இதே மடவளை வீட்டில்தான் இருந்தாள். மகளைக் கட்டியவர் மகள் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் அவர்கள் குடும்பத்து வழக்கம். ஒரு நாள் மூத்த மருமகன் கொழும்பில் வேலை என்று சொன்னார். அடுத்த கிழமை வாசலில் லொறி வந்து நின்றது. என்ன குறை என்று றலியா கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. இப்போது பெருநாளுக்கு வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போகிறார்கள். அந்த லொறி இன்னொரு தடவை இந்த வாசலுக்கு வரக் கூடாது என்பதுதான் ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் றலியாவின் துஆ.

கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் யாரிடம் கேட்பது? மருமகனோடு முகம் பார்த்துப் பேசும் பழக்கம் றலியாவுக்குக் கிடையாது. மார்க்கத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை, மருமகனும் மகன் மாதிரித்தான். வெறும் வெட்கம். அவளுடைய உம்மா அப்படித்தான் இருந்தாள், உம்மாவின் உம்மாவும் அப்படித்தான் இருந்தாளாம். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஆஸிகா, அவருக்கு இன்னும் சோறு வேணுமா எண்டு கேளு" என்பாள். அந்தப் பக்கம் இருந்து, "போதும் எண்டு செல்லு ஆஸிகா" என்று பதில் வரும். இரண்டு பேருக்கும் நடுவில் ஆஸிகா தந்திக் கம்பியாக நின்றாள்.

ஆஸிகாவிடம் கேட்கலாம்தான். 'ஓ உம்மா, போகத்தான் போற' என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? கணவர் முஹ்ஸினிடம் சொல்லலாம். ஆனால் அவர் காதில் போட்ட விஷயம் மறுநாளே கண்டி டவுனில் அவர் கடைக்கு வருகிற எல்லாருக்கும் துணியோடு சேர்த்து வெட்டிக் கொடுக்கப்படும். ஆகவே திறப்பு சீனி டின்னுக்கு அடியிலும் கவலை றலியாவின் நெஞ்சிலும் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வெயிலும் வந்துவிட்டது. ஏப்ரல் மாதத்தில் கண்டி மலைகளுக்கே குளிர் மறந்துபோகிறது. ஆறரை மணிக்குக் குசினிக்குள் நின்ற றலியாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. ஆனாலும் தேத்தண்ணியில் அவள் குறை வைக்கவில்லை.

வாயால் பேசாத மருமகனிடம் அவள் தேத்தண்ணியால்தான் பேசிவந்தாள். பன்வில பக்கத்துத் தொழிற்சாலைத் தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு, டின்பால் மூன்று கரண்டி போட்டு, கையை உயரத் தூக்கி ஆற்றி, விரல் கனத்துக்கு நுரை எழுப்பி அனுப்புவாள். காலையில் ஒன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு இன்னும் ஒன்று. கலியாணம் முடிந்து ஏழு மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. நோன்பு மாதத்தில்கூட நேரம் மாறியதே தவிர தேத்தண்ணி நிற்கவில்லை. கோப்பை எப்போதும் துடைத்துவைத்தது போல வெறுமையாகத் திரும்பி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் றலியாவின் மனம் நிறைந்துவிடும். அவன் வாய் திறந்து நல்லாயிருக்கிறது என்று சொல்ல வேண்டுமா என்ன?

அன்றும் கோப்பை வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தால், முஹ்ஸின் கதிரை மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தேடுற?"

"ஒண்டுமில்ல. கண்ணாடி."

"மூக்குல ஈக்கிறது என்ன?"

முஹ்ஸின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "ஓ, ஈக்கிது," என்றார். பிறகு ஏதோ பெரிய வேலை முடிந்தது போல மெத்தைகளைத் திரும்ப அடுக்கினார். மூன்று நாளாகவே மனிதர் இப்படித்தான் மேசை லாச்சிகளை இழுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். றலியாவுக்கு அன்று அவரைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

எட்டு மணிக்குப் பின்வாசலில் சுந்தரியின் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பன்விலயிலிருந்து முதல் பஸ்ஸில் கீரைக் கூடையோடு வந்துவிடுகிறவள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் அவள் போட்டிருக்கும் பாத்திகளில் விளைகிற வல்லாரைக்கு மடவளையில் தனி மரியாதை.

"அக்கா, வல்லாரை இருக்கு, பொன்னாங்காணி இருக்கு. மிஞ்சி மட்டும் தீந்துபோச்சு."

புத்தகத்தில் புதினா என்று எழுதுகிற அந்த இலைக்கு இந்தப் பக்கத்தில் மிஞ்சி என்றுதான் பெயர்.

"இவ்வளவு காலையில முடிஞ்சா? ஆரு அப்பிடி வாங்கின?"

"ஒங்க மருமகன் தம்பிதான். நான் பஸ்ஸ விட்டு எறங்கையிலேயே ஹோல்ட்டுல நிக்கிறாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ரெண்டு கட்டு. அஞ்சாறு மாசமா அப்பிடித்தான் வாங்கிட்டுப் போறாரு. நீங்க சம்பல் அரைக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்?"

றலியாவின் கையிலிருந்த வல்லாரை கூடைக்குள்ளேயே விழுந்தது. அஞ்சாறு மாதத்தில் முஸ்அப் ஒரு மிஞ்சி இலையைக்கூட அவள் குசினிக்குக் கொண்டுவந்ததில்லை.

"ஓ, சம்பலுக்குத்தான்," என்றாள், வீட்டு மானத்தைக் காப்பாற்ற.

சுந்தரி போன பிறகு பின்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திறப்பு ஒரு பக்கம், மிஞ்சி ஒரு பக்கம். புது வீட்டுக் குசினி ஒன்று எங்கோ ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே சம்பல் அரைபடுகிறது. அம்மி கூட வாங்கிவிட்டார்களோ? றலியாவின் கற்பனை அம்மியிலிருந்து திரைச்சீலைக்குப் போய், திரைச்சீலையிலிருந்து கட்டிலுக்குப் போய், அந்த வீட்டை அரைமணி நேரத்தில் முழுவதுமாக அலங்கரித்து முடித்தது.

எழுந்து போய் உடுப்புக் காயப்போட்டாள். கொடிக் கயிறு மகள் அறையின் ஜன்னலை ஒட்டிப் போகிறது. அங்கேதான் அவள் அதைக் கண்டாள்.

எறும்பு. நிலத்திலிருந்து சுவரேறி ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஒரு செந்நிற ஊர்வலம். ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த அந்தூரியம் சட்டியில்தான் பெரிய கூட்டம். றலியா குனிந்து பார்த்தாள். சட்டி மண்ணின் மேல் தவிட்டு நிறத்தில் ஆடை படிந்திருந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

டின்பால் வாசம். கொதித்த தேயிலை வாசம். அவள் கைத் தேத்தண்ணி.

இந்த அந்தூரியத்தைப் பற்றி அவள் அக்கம்பக்கத்தில் எவ்வளவு பெருமையடித்திருக்கிறாள். மற்றச் சட்டிகளெல்லாம் வெயிலுக்கு வாடிக் கிடக்க, இது மட்டும் ஏழு பூவோடு கொழுத்து நின்றது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், கைராசி என்று சொல்லியிருக்கிறாள். கைராசிதான். ஏழு மாதமாக அவள் ஆற்றி அனுப்பிய தேத்தண்ணி முழுவதையும் குடித்து வளர்ந்த அந்தூரியம்.

றலியாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெறுமையாகத் திரும்பி வந்த கோப்பைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. என் வீட்டுத் தண்ணி அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். என் வீடும் வேண்டாம். மூத்த மருமகனும் இப்படித்தான் எங்கேயாவது ஊற்றிக்கொண்டிருந்தாரோ என்னவோ, யார் கண்டது? கண்ணில் நீர் முட்டியது. ஈர உடுப்பாலேயே துடைத்துக்கொண்டாள்.

பத்து மணியானது. றலியா குசினிக்குப் போனாள். தேயிலையை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொதிக்கவிட்டாள். டின்பாலும் நான்கு கரண்டி போட்டாள். ஆற்றினாள். கோப்பையைத் தட்டில் வைத்து, "ஆஸிகா" என்று கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை.

கேட்காமல் ஒரு மகளை அனுப்பியாயிற்று. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தட்டோடு தானே வெளியே இறங்கினாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. தேங்காயும் விறகும் கிடந்த இடம். முஸ்அப் பிரிஜ் திருத்துகிறவன். கண்டியில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட அவனுக்கு ஒரு சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தக் கொட்டகையில் வைத்துச் செய்வான். டீச்சரான ஆஸிகாவும் பாடசாலைக் கொப்பிகளைத் திருத்துகிறேன் என்று அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள். புதுசாகக் கலியாணம் முடித்தவர்கள் என்று றலியா அந்த நேரங்களில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள்.

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இடுப்பளவு உயரமான ஒரு சின்ன பிரிஜ், பூட்டு வைத்த கதவோடு, கதவு ஆவென்று திறந்தபடி. அதற்குள் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள். எல்லாவற்றிலும் செம்பொன் நிறத்தில் ஏதோ தண்ணி. கவிழ்த்த வாளியின் மேல் ஆஸிகா இருந்தாள். முஸ்அப் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் கையிலும் கிளாஸ். கிளாஸில் ஐஸ் கட்டி மிதந்தது, அதன் மேல் பச்சையாக மிஞ்சி இலை.

முஸ்அப் தலையை நிமிர்த்தினான். மாமியாரைக் கண்டான். அவர் கையில் நுரை ததும்பும் கோப்பையைக் கண்டான். கையிலிருந்த கிளாஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஐஸ் கட்டி கிளாஸில் மோதிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

"உம்மா..." ஆஸிகா எழும்பினாள்.

"நீ இரி. நான் அவரோட பேச வந்த."

ஆஸிகா மறுபடி வாளியில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதத்தில் இந்த வார்த்தையை அவள் எதிர்பார்க்கவேயில்லை.

"மகன்," என்றாள் றலியா. இத்தனை நாளும் திரைச்சீலையைப் பார்த்துப் பேசிய வாய்க்கு முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தூரியம் சட்டிய நான் பாத்த. அதப் பத்தி நான் ஒண்டும் கேக்கல்ல. எனக்கு ஒண்டு மட்டும் செல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் எங்கள விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

முஸ்அப் விழித்தான். அந்தூரியம் என்றதும் காது வரை சிவந்தவன், அடுத்த கேள்வியில் அப்படியே வெளுத்தான்.

"போறதா? நாங்க எங்க போற மாமி?"

"அத நீங்கதான் செல்லணும்."

"நாங்க எங்கயும் போகல்ல. போறதெண்டா நான் ஏன் இந்தக் கொட்டகைக்குக் கரண்ட் இழுக்குற?" என்றான். பிறகு கிளாஸை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தரையைப் பார்த்தபடி, "மாமி, எனக்குப் பால் ஒத்துக்காது. சின்ன வயசிலயிருந்தே வயித்துக்குச் சேராது. பால் போடாத பிளேன்டி மட்டுந்தான் குடிக்கிற," என்றான்.

றலியா தட்டைப் பக்கத்திலிருந்த பழைய பிரிஜ் ஒன்றின் மேல் வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

"அப்ப அத ஏன் மகன் செல்லல்ல?"

"கலியாணத்துக்கு முந்தின நாள் எங்கட உம்மா கூப்பிட்டுச் சென்ன. மாமி வீட்டுத் தேத்தண்ணிய மட்டும் வேணாம் எண்டு செல்லிராத, அது அந்த வீட்டையே வேணாம் எண்டு செல்ற மாதிரி எண்டு. அதான்..." முஸ்அப் தலையைச் சொறிந்தான். "ரெண்டு தரம் செல்லத்தான் பாத்த. நீங்க திரைக்கு அங்கால, நான் இங்கால. என்னெண்டு செல்ற?"

"இவ செல்லீக்கலாந்தானே." றலியா மகளைப் பார்த்தாள்.

"இவர்தான் சத்தியம் வாங்கின உம்மா," என்றாள் ஆஸிகா. "உம்மாக்கு மனசு நோகும் எண்டு. மொதல்ல நாந்தான் உதவிக்குக் குடிச்ச. ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பை டின்பால் தேத்தண்ணி. பாருங்க, ரெண்டு ஜாக்கட் பத்தாமப் போய்ட்டு. அதுக்குப் பொறகுதான் அந்தூரியத்துக்கு ஊத்தத் தொடங்கின."

றலியாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அழத் தொடங்கியவள், அந்த ஏழு பூ நினைவுக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பார்கள். அழாத பிள்ளைக்கும் ஏழு மாதமாகப் பாலை ஊற்றியிருக்கிறாள். உண்மையில் பாலில் ஆசைப்பட்டவர் சம்பந்தி மாமி. கலியாணப் பேச்சுக்கு வந்த அன்று இரண்டு கோப்பை வாங்கிக் குடித்ததைப் பார்த்து, தாய்க்குப் பிடித்தால் மகனுக்கும் பிடிக்கும் என்று றலியாவே தீர்மானித்துக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை.

"பிரிஜ்ஜுக்குப் பூட்டு எதுக்கு?"

"நீங்க தேங்கா எடுக்க வருவீங்கதானே," என்றான் முஸ்அப். சொல்லும்போதே அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பிலிருந்த திறப்புக் கொத்தைக் காட்டினான். பிரிஜ் பூட்டுக்கான குட்டித் திறப்பு, சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அதில் தொங்கியது.

றலியா அதைக் கவனித்தாள். மனதின் ஒரு மூலையில் ஏதோ உறுத்தியது. அதற்குள் முஸ்அப் ஒரு கிளாஸை எடுத்துக் கழுவி, ஐஸ் போட்டு, போத்தலிலிருந்து ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான்.

"மாமி, குடிச்சிப் பாருங்க. உங்கட தூள்தான்."

ஆறிய தேத்தண்ணியை விருந்தாளிக்குக் கொடுப்பது அவமரியாதை என்று வளர்ந்தவள் றலியா. இதுவோ ஆறியதையும் தாண்டி உறைந்து கிடக்கிற தேத்தண்ணி. பிஸ்மி சொல்லி, மருந்து குடிப்பது போலக் கண்ணை மூடி ஒரு வாய் எடுத்தாள்.

பல் கூசியது. பிறகு எலுமிச்சைப் புளிப்பு வந்தது. அதற்குப் பின்னால் சுந்தரியின் மிஞ்சி. கடைசியாக, தொண்டையில் இறங்கும்போது, பன்வில தேயிலையின் மணம். இத்தனை வருஷம் அந்தத் தூளைக் கொதிக்கவைத்து ஆற்றியவளுக்கு அதற்கு இப்படி ஒரு மணம் இருப்பதே தெரியாது. டின்பால் அதை எட்டிப் பார்க்க விட்டதேயில்லை. வெயிலில் நின்ற உடம்பு உச்சி முதல் ஒரு தடவை ஆறியது.

"சீனி காணாது," என்றாள். இரண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். கிளாஸில் ஐஸ் கட்டி மட்டும் மிஞ்சியபோது அதையும் கடித்தாள்.

"இத என்னெண்டு செய்ற மகன்?"

முஸ்அபுக்கு நாக்கு அவிழ்ந்தது. தூளைக் கொதிக்கவிடக் கூடாது, கொதித்த தண்ணியை அதன் மேல் ஊற்றி மூன்று நிமிஷம் மூடி வைத்து வடித்துவிட வேண்டும் என்றான். சூட்டோடு பிரிஜ்ஜில் வைத்தால் கலங்கிப்போகும், வெளியில் ஆறிய பிறகுதான் உள்ளே வைக்கலாம் என்றான். மிஞ்சியை அரைக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும், எலுமிச்சை கடைசியில். ஏழு மாதத்தில் அவன் இந்த வீட்டில் பேசிய மொத்தப் பேச்சைவிட அது கூடுதலாக இருந்தது. றலியா விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, என்று நினைத்தாள். வடிவாகப் பேசுகிற பிள்ளை.

பிரிஜ்ஜின் மேல் அவள் வைத்த பால் தேத்தண்ணி ஆறி ஏடு கட்டிப்போயிருந்தது. "அத அந்தூரியத்துக்கே ஊத்து," என்றாள் மகளிடம். "பழகின வாய் ஏங்கிப் போயிரும்."

பகல் சாப்பாடு அன்று நாலு பேரும் ஒரே மேசையில். திரைச்சீலையை ஆஸிகா ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டாள். மருமகன் இருக்கும் மேசையில் மனைவியும் உட்காருவதைக் கண்ட முஹ்ஸின் இரண்டு தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் காரணம் கேட்கவில்லை. வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவர் அன்று சோற்றையும் வல்லாரைச் சம்பலையும் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சூடாக மிஞ்சித் தேத்தண்ணி. அதை றலியாவே போட்டாள், மருமகன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. கோப்பைக்கு இரண்டு இலை, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே நாலு கோப்பையிலிருந்தும் மிஞ்சி மணம் ஆவியாக எழும்பியது. முஸ்அப் அவள் கண் முன்னாலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தான். றலியாவுக்கு வயிறு குளிர்ந்தது. இந்தக் கோப்பை உண்மையிலேயே வெறுங்கோப்பை.

இனி மனதில் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. எழுந்து போய்ச் சீனி டின்னைத் தூக்கித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மகன், இது உங்கட. போன திங்கக்கிழம உடுப்புக் கழுவக்குள்ள விழுந்த. இதப் பாத்துத்தான் நீங்க வேற வீடு எடுத்துட்டீங்க எண்டு நான் பயந்து போன. மனசுல வெச்சிக்காதீங்க."

முஸ்அப் திறப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எண்ட இல்லையே மாமி."

"உங்கட சாம்பல் நிறக் காற்சட்டையிலதானே ஈந்த."

"எண்ட சாம்பல் காற்சட்ட பெருநாளண்டே தையல் விட்டுட்டு. ஆஸிகா டெய்லருக்குக் குடுத்து இன்னும் வரல்ல." பூட்டும் திறப்பும் பழகிய கை, அதைச் சும்மா விடவில்லை. "பிரிஜ் திறப்பும் இல்ல, அலுமாரித் திறப்பும் இல்ல இது. வீட்டுக் கதவுத் திறப்பு. புதுப் பூட்டு. போட்டு ஒரு மாசங்கூட ஈக்காது."

ஆஸிகா கருப்பட்டியைக் கடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"உம்மா," என்றாள் மெதுவாக, "வாப்பா பெருநாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே துணியிலதானே தைப்பிச்ச."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையின் தலைப்பக்கத்தைப் பார்த்தார்கள்.

முஹ்ஸினின் கோப்பை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் நின்றது. மூன்று நாளாகக் கதிரை மெத்தையிலும் லாச்சியிலும் தேடிய சாமான் மருமகனின் உள்ளங்கையில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் அவரால் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கோப்பையை வைத்தார். தொப்பியை எடுத்தார்.

"நான் பள்ளிக்குப் போய்ட்டு வார."

"அஸருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் ஈக்கிதே வாப்பா," என்றாள் ஆஸிகா.

"முந்திப் போனா நன்ம," என்றார் முஹ்ஸின். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

முப்பத்திரண்டு வருஷமாக, பாங்கு சொல்லி முடித்த பிறகு 'போங்க, போங்க' என்று விரட்டினால்தான் எழும்புகிற மனிதர். றலியா ஜன்னல் வழியாக அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மடியில் கனமில்லாதவன் இந்த வெயிலில் இப்படி வேகமாக நடக்க மாட்டான். ஆனாலும் ஆறு நாளாக அடித்துக்கொண்ட நெஞ்சு இப்போது அடிக்கவில்லை. பிள்ளைகள் போகவில்லை. மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியது. கேட்க இன்றைக்குத்தான் படித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து, மருமகனுக்கு எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் மிஞ்சித் தேத்தண்ணியை ஊற்றினாள். இந்தத் தடவை முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினாள்.

"மகன், நீங்க பூட்டுத் திறப்பு தெரிஞ்ச ஆள். மாமா வாரதுக்கு நேரமாகும். ஆறுதலாக் குடிச்சிட்டுச் செல்லுங்க, இப்பிடிப் பூட்டு கண்டியில எந்தக் கடையில விக்கிற?"